குப்பை மேட்டின் அடியில் நீரும் வண்டலும்: மாதிரி சேகரிப்பை மேற்பார்வையிடும் முறை

நகரங்களின் வளர்ச்சியைச் சாலைகள், மின்விளக்குகள், குடிநீர்க் குழாய்கள் ஆகியவற்றைக் கொண்டு அளவிடுவது வழக்கம். அந்நகரங்கள் நாள்தோறும் வெளியேற்றும் குப்பை எங்கே சென்று சேருகிறது, சேர்ந்த இடத்தில் நிலத்தடி நீருக்கும் அருகிலுள்ள ஓடைக்கும் என்ன நேருகிறது என்பதும் அந்த அளவீட்டில் இடம் பெற வேண்டிய செய்தியாகும். தில்லி மாநகரில் காசிப்பூர் குப்பைக் கிடங்கு 1984-ஆம் ஆண்டிலும், பால்ஸ்வா 1994-ஆம் ஆண்டிலும், ஓக்லா 1996-ஆம் ஆண்டிலும் பயன்பாட்டுக்கு வந்தன. மும்பையின் தேவனார் கிடங்கின் வரலாறு 1927-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. இவற்றில் பெரும்பாலானவை அடித்தளத்தில் நீர்புகாத் தடுப்பு ஏதுமின்றி வெறும் நிலத்தின்மீது குவிக்கப்பட்ட மேடுகளே. இவற்றைச் சுற்றி மக்கள் வாழ்கின்றனர். கைப்பம்புகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் நீர் எடுக்கின்றனர்.

அந்த நீர் கெட்டிருக்கிறதா, கெட்டிருந்தால் அதற்குக் குப்பை மேடுதான் காரணமா என்னும் கேள்விகளுக்கு ஆய்வுக்கூடம் விடை கூறும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் ஆய்வுக்கூடம் தன்னிடம் வந்து சேர்ந்த புட்டியிலுள்ள நீரைப் பற்றி மட்டுமே கூற முடியும். அந்தப் புட்டியிலுள்ள நீர் கிணற்றின் நீரை உண்மையாகவே காட்டுகிறதா என்பது களத்தில் முடிவாகிவிடுகிறது. தவறாக எடுக்கப்பட்ட மாதிரி, நஞ்சு கலந்த நீரை நல்லதென்று காட்டி ஒரு குடியிருப்பையே ஆபத்தில் ஆழ்த்தலாம். நல்ல நீரைக் கெட்டதென்று காட்டி ஏழை மக்களின் ஒரே கிணற்றை மூடச் செய்வதும் உண்டு. எனவே மாதிரி எடுக்கும் பணியை மேற்பார்வையிடும் அலுவலர் அதன் ஒவ்வொரு படியையும், அப்படிக்குரிய காரணத்தையும் அறிந்திருத்தல் இன்றியமையாததாகும்.

கசிவு நீரின் இயல்பு

மழை நீர் குப்பையினூடே இறங்கும்போதும், குப்பையிலுள்ள ஈரம் பிழிந்து வெளிவரும்போதும் உருவாகும் கரிய நீரே கசிவு நீர் எனப்படும். அழுகும் பொருள்களிலிருந்து கரிமச் சேர்மங்கள், அம்மோனியா, குளோரைடு, பொட்டாசியம் முதலிய உப்புகள், இரும்பு, மாங்கனீசு, சிறிதளவு காட்மியம், ஈயம், குரோமியம் போன்ற கன உலோகங்கள் ஆகியவை இதில் கரைந்து வருகின்றன.

இதன் குணம் குப்பையின் வயதைப் பொறுத்து மாறும். புதிய குப்பையின் கசிவு நீர் அமிலத்தன்மை உடையது. அதில் எளிதில் சிதையும் கரிமப் பொருள்கள் மிகுதி. ஆகவே உயிர்வேதியியல் ஆக்சிஜன் தேவைக்கும் வேதியியல் ஆக்சிஜன் தேவைக்கும் உள்ள விகிதம் 0.5-க்கு மேல் இருக்கக்கூடும். ஆண்டுகள் பல கடந்து, மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மேலோங்கியபின், நீர் சற்றே காரத்தன்மை பெறுகிறது. மேற்கண்ட விகிதம் 0.1-க்கும் கீழே இறங்குகிறது. உலோகங்கள் பெருமளவில் குப்பைக்குள்ளேயே படிந்துவிடுகின்றன. ஆனால் அம்மோனியாவும் குளோரைடும் நீண்ட காலம் வெளியேறிக்கொண்டே இருக்கின்றன. பழைய மேட்டில் உலோகங்களை மட்டும் சோதித்து, அவை குறைவாக இருப்பதால் கசிவே இல்லை என்று முடிவு கட்டுவது தவறு என்பது இதனால் விளங்கும்.

சட்டமும் விதிகளும்

1974-ஆம் ஆண்டின் நீர் (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டத்தின் 21-ஆம் பிரிவு, கழிவு நீர் மாதிரி எடுக்கும் அதிகாரத்தை மாநில வாரியத்துக்கும் அது அதிகாரமளித்த அலுவலருக்கும் வழங்குகிறது. சட்டப்படியான பகுப்பாய்வுக்காக மாதிரி எடுக்கும்போது, இடத்தின் பொறுப்பாளருக்கு அதற்கான அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரு பகுதிகளாகப் பிரித்து, தனித்தனிக் கலன்களில் இட்டு, குறியிட்டு, முத்திரையிட்டு, இருவரும் கையொப்பமிட வேண்டும். இந்நடைமுறை பின்பற்றப்படாவிடின் பகுப்பாய்வு முடிவு நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கப்படாது என்று அப்பிரிவே கூறுகிறது. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் 11-ஆம் பிரிவு காற்று, நீர், மண் ஆகியவற்றின் மாதிரிகளுக்கும் இதையொத்த அதிகாரத்தை மைய அரசுக்கு அளிக்கிறது. ஆகவே, நிலைமையை அறிந்துகொள்வதற்கான மாதிரியா, வழக்குக்கான மாதிரியா என்பதைக் களத்துக்குப் புறப்படுமுன்னரே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். முதல் வகையைப் பின்னால் இரண்டாம் வகையாக மாற்ற இயலாது.

2000-ஆம் ஆண்டின் நகராட்சித் திடக்கழிவு விதிகளும், அவற்றின் இடத்தில் 2016-ஆம் ஆண்டில் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளும் நிரப்பிடங்களுக்கான அளவுகோல்களை வகுத்தன. புதிய நிரப்பிடத்தின் அடியில் 90 சென்டிமீட்டர் களிமண் அடுக்கும், அதன்மீது 1.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலிஎதிலீன் விரிப்பும் வேண்டும். நிலத்தடி நீர்மட்டம் அந்த அடித்தளத்துக்குக் குறைந்தது 2 மீட்டர் கீழே இருக்க வேண்டும். நிரப்பிடம் அமைக்குமுன் அப்பகுதி நீரின் தரம் பதிவு செய்யப்பட வேண்டும். எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் உள்ள நிலத்தடி நீர் கோடை, மழைக்காலம், மழைக்குப் பிந்திய காலம் ஆகிய பருவங்களில் சோதிக்கப்பட வேண்டும். மூடியபின் குறைந்தது 15 ஆண்டுகள் கண்காணிப்புத் தொடர வேண்டும் என்பன அவற்றுள் முக்கியமானவை. பணியைத் தொடங்கும் அலுவலர் அன்று நடைமுறையில் உள்ள விதிகளின் வாசகத்தைக் கையில் வைத்திருப்பது நலம்.

எங்கே எடுப்பது

நிலத்தடி நீர் ஓடும் திசையை அறியாமல் கிணறுகளைத் தேர்ந்தெடுப்பது இருட்டில் கல்லெறிவதை ஒக்கும். குப்பை மேட்டுக்கு நீர் வந்து சேரும் பக்கத்தில் ஒரு கிணறாவது இருக்க வேண்டும். இது ஒப்பீட்டுக் கிணறு எனப்படும். நீர் வெளியேறும் பக்கத்தில், மேட்டின் எல்லையை ஒட்டியும் சற்றுத் தொலைவிலும், இரண்டு மூன்று கிணறுகள் வேண்டும்.

திசையை அறிய, ஒரே நேர்க்கோட்டில் அமையாத மூன்று கிணறுகளின் நீர்மட்டங்களேனும் தேவை. இங்கே மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை ஒன்றுண்டு. ‘அ’ என்னும் கிணற்றில் வாய்ப்பகுதியிலிருந்து 8.20 மீட்டர் ஆழத்திலும், ‘ஆ’ என்னும் கிணற்றில் 6.90 மீட்டர் ஆழத்திலும் நீர் இருப்பதாகக் கொள்வோம். ‘ஆ’ கிணற்றின் நீர் மேலே இருப்பதாகத் தோன்றும். ஆனால் ‘அ’ கிணற்றின் வாய் கடல் மட்டத்துக்கு மேல் 210.50 மீட்டர் உயரத்திலும், ‘ஆ’ கிணற்றின் வாய் 208.00 மீட்டர் உயரத்திலும் அமைந்திருந்தால், நீர்மட்டங்கள் முறையே 202.30, 201.10 மீட்டர் ஆகின்றன. உண்மையில் ‘ஆ’ கிணற்றின் நீர்தான் 1.20 மீட்டர் தாழ்ந்தது. ஆகவே கிணற்று வாய்களின் உயரத்தை நில அளவையாளரைக் கொண்டு அளந்து பதிந்த பின்னரே நீரோட்டத் திசையைப் பற்றிப் பேச வேண்டும். அருகில் பெரிய ஆழ்துளைக் கிணறுகள் இடைவிடாது நீரை இறைப்பின், ஓட்டத் திசையே மாறக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒப்பீட்டுக் கிணற்றின் தேவைக்குக் காசிப்பூர் ஒரு சிறந்த சான்று. அங்கே குப்பை மேட்டின் சுற்றுப்புறத்திலேயே பால் பண்ணைகள், மீன் சந்தை, கோழிச் சந்தை, இறைச்சிக் கூடம் ஆகியவை உள்ளன. இவையும் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் நிலத்தில் சேர்க்கக்கூடியவை. எனவே மேட்டுக்கும் பண்ணைகளுக்கும் இடையிலுள்ள நீரைத் தனியே அளக்காமல், கண்ட மாசு அனைத்தையும் குப்பையின் கணக்கில் எழுதுவதும், மறுபுறம் அனைத்தையும் பண்ணைகளின் தலையில் சுமத்துவதும் ஏற்கத்தக்கன அல்ல.

ஏட்டறிவுடன் உள்ளூர் அறிவும் வேண்டும். குப்பை பொறுக்கிப் பிழைப்போர், கைப்பம்பில் நீர் எடுக்கும் பெண்கள், சுமையுந்து ஓட்டுநர்கள் ஆகியோருக்கு மேட்டின் எந்தப் பக்கத்தில் கரிய நீர் ஊறுகிறது, எந்த மாதத்தில் கிணற்று நீர் நிறம் மாறுகிறது என்பன நன்கு தெரியும். இவற்றைக் கேட்டறிந்து வரைபடத்தில் குறித்துக்கொள்வது முதல் நாளின் வேலையாகும்.

எப்போது எடுப்பது

கோடையில் கசிவு நீர் அளவில் குறைந்து செறிவில் மிகுந்திருக்கும். மழைக்காலத்தில் செறிவு குறைந்து அளவு பன்மடங்காகும். செறிவை மட்டும் அளந்தால் மழை வந்ததும் மாசு குறைந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் ஓடையில் சேரும் மொத்த மாசு அப்போதுதான் அதிகமாக இருக்கலாம். எனவே ஓடை நீர் மாதிரியுடன் நீரோட்டத்தின் அளவையும் குறித்தல் வேண்டும். செறிவையும் ஓட்டத்தையும் பெருக்கியே மாசுச் சுமை கணக்கிடப்படுகிறது.

கடற்கழியை ஒட்டிய தேவனார் போன்ற இடங்களில் பருவத்தோடு ஓதத்தின் நிலையும் முக்கியமானது. தாணே கடற்கழியில் கடல் ஏறும்போது உப்பு நீர் உள்ளே வந்து கசிவு நீரை நீர்த்துப்போகச் செய்கிறது. கடல் வற்றும்போது நிலத்திலிருந்து நீர் கழிக்குள் இறங்குகிறது. ஆகவே வற்றும் நேரத்தின் இறுதிப் பகுதியில் எடுக்கும் மாதிரிதான் நிலத்திலிருந்து வரும் மாசைத் தெளிவாகக் காட்டும். ஒரு மாதம் ஏற்றத்திலும் மறுமாதம் வற்றத்திலும் எடுத்த இரு மாதிரிகளை ஒப்பிடுவதால் பயனில்லை. இக்கழியின் ஒரு பகுதி 2015-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதும், 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றதும் இப்பணியின் முக்கியத்துவத்தை உயர்த்துகின்றன. பூநாரைகள் இரை தேடுவது அந்தச் சேற்றில்தான்.

கிணற்று நீர் எடுத்தல்

கண்காணிப்புக் கிணற்றின் குழாயில் நாள்கணக்கில் தேங்கி நிற்கும் நீர், காற்றுப்பட்டு வேதி மாற்றம் அடைந்தது. அது சுற்றியுள்ள நிலத்தின் நீரைக் காட்டாது. ஆகவே அதனை முதலில் இறைத்து வெளியேற்ற வேண்டும். குழாயிலுள்ள நீரின் கன அளவைப் போல மூன்று மடங்கு இறைப்பது பொதுவான முறை.

எடுத்துக்காட்டாக, 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் 12 மீட்டர் உயரத்துக்கு நீர் இருப்பின், அதன் கன அளவு ஏறத்தாழ 94 லிட்டர். மும்மடங்கு என்பது சுமார் 283 லிட்டர். இறைக்கும்போதே வெப்பநிலை, பி.எச். மதிப்பு, மின்கடத்துதிறன் ஆகியவற்றை இடையிடையே அளந்து, அடுத்தடுத்த அளவீடுகள் ஏறக்குறைய ஒன்றாக வரும்வரை காத்திருக்க வேண்டும். நேரமில்லை என்று கூறி இருபது லிட்டர் இறைத்தவுடன் புட்டியை நிரப்பும் பழக்கத்தை மேற்பார்வையாளர் அனுமதிக்கலாகாது. இறைத்த நீரைக் கிணற்றின் வாயருகே கொட்டுவதும் கூடாது.

நீர்மட்டத்தை அளப்பது இறைப்பதற்கு முன். மாசு குறைந்த ஒப்பீட்டுக் கிணற்றில் தொடங்கி மாசு மிகுந்த கிணற்றில் முடிப்பது அடுத்த விதி. இவ்வரிசை தலைகீழானால், கருவிகளில் ஒட்டிய மாசு நல்ல கிணற்றுக்குள் சென்றுவிடும்.

குடியிருப்புகளிலுள்ள கைப்பம்புகள் கண்காணிப்புக் கிணறுகள் அல்ல. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்களிலிருந்து துத்தநாகமும் இரும்பும் நீரில் கலக்கும். எனவே கைப்பம்பு நீரில் இவ்விரண்டும் மிகுந்திருப்பதை மட்டும் கொண்டு குப்பை மேட்டைக் குற்றம் சாட்ட முடியாது. எனினும் மக்கள் குடிப்பது அந்நீரைத்தான். ஆகவே அதனை எடுக்காமல் விடவும் கூடாது. குழாயின் வகை, ஆழம், அமைத்த ஆண்டு ஆகியவற்றைப் பதிவேட்டில் குறிப்பதே சரியான வழி.

ஓடை நீரும் வண்டலும்

ஓடையிலோ வாய்க்காலிலோ மாதிரி எடுப்போர் கீழ்நிலையில் தொடங்கி மேல்நிலை நோக்கிச் செல்ல வேண்டும். காலடியில் கலங்கும் சேறு அடுத்த மாதிரியில் சேராமல் இருக்க இதுவே வழி. ஒவ்வோர் இடத்திலும் முதலில் நீரையும் பின்னர் வண்டலையும் எடுக்க வேண்டும். புட்டியின் வாயை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, மேல்மிதக்கும் படலத்தைத் தவிர்த்து, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிரப்புவது வழக்கம். கரைந்த ஆக்சிஜனைக் களத்திலேயே அளக்கவேண்டும். அல்லது வேதிப்பொருள் சேர்த்து அங்கேயே நிலைப்படுத்த வேண்டும்.

நீர் மாதிரி அன்றைய நிலையைக் காட்டுகிறது. வண்டலோ பல ஆண்டுகளாகச் சேர்ந்ததைக் காட்டுகிறது. நேற்று இரவு திறந்துவிடப்பட்ட கசிவு நீர் இன்று காலை வாய்க்காலில் இல்லாமற் போகலாம். ஆனால் அது கொண்டுவந்த ஈயமும் குரோமியமும் நுண்ணிய களித்துகள்களில் ஒட்டி அடியில் தங்கிவிடும். குப்பை மேட்டை அடுத்த நீர்நிலைகளில் வண்டலையும் சோதிப்பதற்கு இதுவே காரணம். கொல்கத்தாவின் தாப்பா கிடங்கை அடுத்துள்ள கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள் 2002-ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. அங்குள்ள மீன் வளர்ப்புக் குளங்களைப் போன்றவற்றில் வண்டலின் நிலை உணவோடு நேரடியாகத் தொடர்புடையது.

வண்டல் எடுப்பதற்குத் தாடைபோல் மூடிக்கொள்ளும் அள்ளு கருவிகளும், செங்குத்தாக இறக்கும் குழாய்களும் பயன்படுகின்றன. அண்மைக் காலத்து மாசை அறிய மேற்பரப்பின் 5 சென்டிமீட்டர் போதும். பழைய நிலையோடு ஒப்பிட வேண்டின், குழாயில் எடுத்த வண்டல் தண்டை அடுக்கு அடுக்காக அறுத்துச் சோதிக்கலாம். அள்ளு கருவி முழுதும் மூடாமல் மேலே வந்தால் நுண்துகள்கள் நீரோடு வடிந்துவிடும். அந்த மாதிரியை விலக்கிவிட்டு மீண்டும் எடுக்க வேண்டும். கருவியின் உலோகச் சுவரைத் தொட்ட பகுதியை ஒதுக்கி, நடுப்பகுதியைப் பிளாஸ்டிக் கரண்டியால் எடுப்பது முறை.

கன உலோகங்கள் மணலைவிடக் களியிலேயே மிகுதியாக ஒட்டுகின்றன. மேல்நிலையில் மணலையும் கீழ்நிலையில் களியையும் எடுத்து ஒப்பிட்டால், குப்பை மேடு இல்லாத ஓடையிலுங்கூட மாசு தோன்றும். ஆகவே இரண்டு இடங்களிலும் ஒரே தன்மையுள்ள வண்டலைத் தேட வேண்டும். அல்லது 63 மைக்ரானுக்குக் குறைந்த துகள்களைச் சலித்தெடுத்து அவற்றை மட்டும் ஒப்பிட வேண்டும். அலுமினியம், கரிமப் பொருள் ஆகியவற்றின் அளவையும் சேர்த்துக் கேட்டுப் பெற்றால் ஒப்பீடு மேலும் உறுதிப்படும்.

கலன்களும் பதப்படுத்தலும்

எல்லாச் சோதனைக்கும் ஒரே புட்டி என்பது நடவாத காரியம். உலோகங்களுக்கு அமிலத்தில் கழுவிய பாலிஎதிலீன் புட்டி. நைட்ரிக் அமிலம் சேர்த்து பி.எச். மதிப்பை 2-க்குக் கீழே கொணர வேண்டும். அம்மோனியாவுக்கும் வேதியியல் ஆக்சிஜன் தேவைக்கும் கந்தக அமிலம். பூச்சிக்கொல்லிகளுக்குப் பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டி. நுண்ணுயிர்ச் சோதனைக்குக் கிருமி நீக்கிய புட்டி. உயிர்வேதியியல் ஆக்சிஜன் தேவைக்கு எவ்வித அமிலமும் சேர்க்காமல் குளிர்வித்து, விரைவில் ஆய்வுக்கூடம் சேர்க்க வேண்டும். அண்மைக் காலத்தில் கவனம் பெற்றுள்ள புளோரின் கரிமச் சேர்மங்களைச் சோதிக்க வேண்டின், டெஃப்லான் உள்ள மூடிகளைத் தவிர்க்க வேண்டும். பூச்சிக்கொல்லிப் புட்டிக்கு அதே டெஃப்லான் உறைதான் ஏற்றது. பனிக்கட்டிப் பெட்டியில் ஏறத்தாழ 4 பாகை செல்சியசில் மாதிரிகளை வைப்பது பொது விதி.

வடிகட்டும் நேரமும் முடிவையே மாற்றவல்லது. கலங்கிய கிணற்று நீரை வடிகட்டாமல் அமிலம் சேர்த்தால், அமிலம் களித்துகள்களிலிருந்தே உலோகங்களைக் கரைத்தெடுக்கும். கரைந்த உலோகத்தின் அளவு பொய்யாக உயரும். மாறாக, நிலத்தடியில் கரைந்த நிலையிலுள்ள இரும்பு, காற்றுப்பட்டவுடன் துருவாகப் படியத் தொடங்கும். படியும்போது ஆர்செனிக்கையும் தன்னோடு இழுத்துச் செல்லும். மாலையில் ஆய்வுக்கூடத்தில் வடிகட்டினால் ஆர்செனிக் வடிதாளில் நின்றுவிடும். அறிக்கையில் நீர் நல்லதாகத் தோன்றும். எனவே கரைந்த உலோகங்களுக்கான மாதிரியைக் கிணற்றடியிலேயே 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டி, அதன்பின் அமிலம் சேர்க்க வேண்டும். மக்கள் குடிக்கும் நீரின் மொத்த உலோகத்தை அறிய வடிகட்டாத மாதிரி ஒன்றும் தனியே வேண்டும். எது வடிகட்டியது, எது வடிகட்டாதது என்பதைப் புட்டியின்மீதே எழுத வேண்டும்.

சரிபார்ப்பும் பொறுப்புக் கைமாற்றமும்

பணியின் தரத்தைச் சோதிக்கச் சில கூடுதல் மாதிரிகள் தேவை. தூய நீரைக் களத்துக்குக் கொண்டுசென்று, அங்கே புட்டியில் ஊற்றி, ஏனைய மாதிரிகளைப் போலவே பதப்படுத்தி அனுப்புவது வெற்று மாதிரி ஆகும். அதில் மாசு தெரிந்தால் புட்டி, அமிலம், கருவி, கைகள் ஆகியவற்றுள் ஏதோ ஒன்று குற்றவாளி. பத்து மாதிரிகளுக்கு ஒன்று என்ற அளவில் இரட்டை மாதிரி எடுத்து, வேறு எண் கொடுத்து அனுப்பலாம். இரண்டின் முடிவுகளும் பெரிதும் வேறுபட்டால் எஞ்சியவற்றின் நம்பகத்தன்மையும் ஐயத்துக்குரியதே.

ஒவ்வொரு புட்டிக்கும் எண், இடம், தேதி, நேரம், எடுத்தவர் பெயர், பதப்படுத்திய முறை ஆகியவை அழியாத மையில் எழுதப்பட வேண்டும். புட்டி ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் செல்லும்போதெல்லாம் கொடுத்தவரும் பெற்றவரும் நேரத்துடன் கையொப்பமிட வேண்டும். பெட்டி ஒரே ஓர் இரவு எவர் பொறுப்பிலும் இல்லாமல் கிடந்திருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்பது அந்த இரவைப் பற்றியே. களப் பதிவேடு அங்கேயே எழுதப்பட வேண்டும். அறைக்குத் திரும்பி நினைவிலிருந்து நிரப்பப்படும் பதிவேடு சான்றாகாது.

மேற்பார்வையாளரின் கடமைகள்

மேற்பார்வை என்பது வண்டியில் அமர்ந்து கையொப்பமிடுவது அன்று. கருவிகள் அன்று காலையில் தரநீர்மங்களைக் கொண்டு அளவு சரிபார்க்கப்பட்டனவா, போதுமான நீர் இறைக்கப்பட்டதா, கையுறை ஒவ்வொரு கிணற்றுக்கும் மாற்றப்பட்டதா என்பவற்றை அவர் நேரில் காண வேண்டும். திட்டமிட்ட இடத்தில் மாதிரி எடுக்க இயலாதபோது, வசதியான வேறிடத்தில் எடுத்துப் பழைய எண்ணையே எழுதும் வழக்கம் பெருங்கேடு. மாற்றத்தையும் அதன் காரணத்தையும் பதிவு செய்தால் அந்த மாதிரிக்கும் பயனுண்டு. நிரப்பிடத்தை நடத்தும் ஒப்பந்ததாரரே மாதிரி எடுப்பவராகவும் இருக்கும் இடங்களில் இக்கண்காணிப்பு இருமடங்கு தேவைப்படுகிறது.

பணியாளரின் உயிர்ப் பாதுகாப்பு அனைத்துக்கும் முற்பட்டது. 2017-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் காசிப்பூர் மேட்டின் ஒரு பகுதி சரிந்து, அருகிலுள்ள சாலையையும் வாய்க்காலையும் தாக்கியதில் இருவர் உயிரிழந்தனர். அது மழைக்காலம். ஈரம் ஏறிய குப்பைச் சரிவின் அடிவாரத்தில் மாதிரிக்காக எவரையும் நிறுத்தலாகாது. கசிவு நீர்க் குழிகளிலும் மூடிய தொட்டிகளிலும் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் தேங்கும். வாயுமானி இன்றி எவரும் இறங்கக் கூடாது. தனியாக எவரும் பணிபுரியவும் கூடாது. இவ்விதி நிரந்தர ஊழியருக்கு மட்டுமன்றி, தினக்கூலிக்கு வரும் உதவியாளருக்கும் பொருந்தும்.

முடிவுகளைப் படிக்கும் முறை

அறிக்கை வந்ததும் முதலில் காண வேண்டியது அதன் உள் ஒழுங்கு. நேர் அயனிகளின் கூட்டுத்தொகையும் எதிர் அயனிகளின் கூட்டுத்தொகையும் ஏறக்குறைய 5 விழுக்காட்டுக்குள் ஒத்திருக்க வேண்டும். இல்லையெனில் பகுப்பாய்வில் எங்கோ பிழையுண்டு. அடுத்து, ‘காணப்படவில்லை’ என்னும் சொல்லை ஆராய வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு காட்மியத்துக்கு லிட்டருக்கு 0.003 மில்லிகிராம். ஆய்வுக்கூடத்தின் கருவி 0.01 மில்லிகிராமுக்குக் கீழே அளக்க இயலாததாயின், ‘காணப்படவில்லை’ என்பது அந்நீர் குடிக்கத் தக்கது என்பதற்குச் சான்றாகாது.

குளோரைடு மண்ணில் ஒட்டாமல் நீரோடு செல்வதால், கசிவு நீர் பரவிய தொலைவை அறிய அது நல்ல அடையாளம். ஆனால் கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைடு உண்டு. ஆகவே தேவனார் போன்ற கடலோரக் கிடங்குகளில் குளோரைடு ஒன்றையே நம்பினால் கடலின் உப்பும் குப்பையின் உப்பும் பிரித்தறிய முடியாதவை ஆகிவிடும். அங்கே அம்மோனியா, பொட்டாசியம், கரைந்த கரிமப் பொருள் ஆகியவற்றைச் சேர்த்துக் காண வேண்டும். உள்நாட்டிலும் இயற்கையிலேயே உவர்நீர் உள்ள நிலப்பகுதிகள் உண்டு. ஓர் அளவு எல்லையைத் தாண்டியதா என்பதோடு, ஒப்பீட்டுக் கிணற்றைவிட எத்தனை மடங்கு, பருவந்தோறும் ஏறுகிறதா இறங்குகிறதா என்பவையும் கேட்கப்பட வேண்டிய கேள்விகளாகும். ஒரு முறை எடுத்த மாதிரி இதற்கு விடையளிக்காது. சில ஆண்டுகளேனும் அதே கிணறுகளில், அதே முறையில் எடுத்த வரிசையே விடையளிக்கும்.

பழைய குப்பையை அகழ்ந்து, சலித்து, பிரித்தெடுக்கும் பணிக்கு மைய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2019-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2021-இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தின் இரண்டாம் கட்டமும் இப்பணிக்கு முதன்மை அளித்தது. வரவேற்கத்தக்க இம்முயற்சியில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பல்லாண்டுகளாக இறுகிக் கிடந்த மேட்டைத் திறக்கும்போது மழைநீர் புகப் புதிய வழிகள் உண்டாகின்றன. அகழ்வுக் காலத்தில் மாதிரி எடுப்பதை நிறுத்தாமல், மேலும் அடிக்கடி எடுப்பதே தக்கதாகும். குப்பை அகன்றபின்னும் அதன் அடியிலுள்ள மண்ணும் நீரும் உடனே தூய்மை அடைந்துவிடுவதில்லை. அந்நிலத்தில் வீடோ பூங்காவோ எழுமுன் அவற்றின் நிலை அறியப்பட வேண்டும்.

மக்களுக்கு அறிவித்தல்

கிணற்றுக்குச் சொந்தக்காரருக்கு அவருடைய கிணற்றின் முடிவு தெரிவிக்கப்பட வேண்டும். எண்கள் நிறைந்த பட்டியலை மட்டும் கொடுத்துவிடாமல், இந்நீரைக் குடிக்கலாமா, சமைக்கலாமா, துணி துவைக்கலாமா என்பதை அவர் அறிந்த மொழியில் கூற வேண்டும். நீர் குடிக்கத் தகாதது என்று அறிவிக்கும் நாளிலேயே மாற்றுக் குடிநீருக்கு ஏற்பாடு செய்வதும் நிர்வாகத்தின் பொறுப்பு. குழாய் நீர் வராத குடியிருப்பில் கைப்பம்பின்மீது சிவப்பு வண்ணம் பூசுவதோடு கடமை முடிந்துவிட்டதாகக் கொண்டால், மக்கள் அதே பம்பில் இரவில் நீர் எடுப்பர்.

மாதிரி எடுக்கும் பணி சிறிய பணியாகத் தோன்றலாம். ஆனால் நிரப்பிடத்தை மூடுவது, குடிநீர்க் குழாய் இடுவது, இழப்பீடு வழங்குவது, பொறுப்பாளர்மீது நடவடிக்கை எடுப்பது ஆகிய முடிவுகள் அனைத்தும் இந்தப் புட்டிகளின் முடிவுகளையே சார்ந்துள்ளன. இவற்றை நிரப்பும் கைகளுக்குப் பயிற்சியும், போதிய நேரமும், தரமான கருவிகளும் அளிப்பதும், களத்தில் உடனிருந்து மேற்பார்வையிடும் அலுவலருக்கு உண்மையை உள்ளவாறே எழுதும் சுதந்திரத்தை உறுதிப்படுத்துவதும் நகர நிர்வாகத்தின் அடிப்படைக் கடமைகளாகும்.